ட்ரோலிங் மோட்டாரை லித்தியத்துக்கு மாற்றுதல்: 24 வோல்ட் படகுக்கு முழு வழிமுறை

வட அமெரிக்க ஏரிகளில் பாஸ், வால்ஐ மீன்களைப் பிடிக்க ஓடும் பதினேழு, பதினெட்டு அடி அலுமினியப் படகுகளில் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அணியத்தில் (முன்முனையில்) படகை மெதுவாக நகர்த்தும் 24 வோல்ட் மின்சார ட்ரோலிங் மோட்டார், அமரத்தில் (பின்முனையில்) அதற்கென்று இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, பக்கத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இன்னொன்று. ‘குரூப் 31’ அளவு லெட் ஆசிட் ஒன்றின் எடை 27 முதல் 30 கிலோ. அதே இடத்தில் வைக்கும் 100 ஆம்ப்-அவர் கொள்ளளவுள்ள லித்தியம் 10 முதல் 14 கிலோ. மாற்றினால் படகில் முப்பது கிலோவுக்கு மேல் குறையும், மோட்டார் ஓடும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

பழையதைக் கழற்றிப் புதியதை வைப்பது அரை மணி நேர வேலை. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. லெட் ஆசிட் பேட்டரியில் சுமை ஏறினால் அதன் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். அந்தப் பலவீனம்தான் மெல்லிய ஒயரையும் தளர்ந்த டெர்மினலையும் இத்தனை நாள் காப்பாற்றி வந்தது. லித்தியம் இறங்காது, கேட்ட ஆம்பைக் கடைசிவரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் சார்ஜர், ஒயர், பிரேக்கர், இணைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாற்றம் முழுமையாகும்.

எந்தப் பேட்டரி

படகுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை மட்டும் போதும். 1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு கண்டறிந்த வேதியியல் இது. மின்சார சைக்கிள், கார்களில் வரும் நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட் என்பதால் நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட் ஆகி, 12 வோல்ட் சாதனங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கார் செல்களை வைத்துக் கட்டிய பேட்டரியை மீன்பிடிப் படகில் ஏற்ற வேண்டாம். வோல்ட்டேஜும் பொருந்தாது, தீப்பிடித்தால் தண்ணீரின் நடுவில் ஒதுங்க இடமும் கிடையாது.

அடுத்து ஆம்ப். மின் கோட்டா (Minn Kota) கம்பெனியின் 80 பவுண்ட் த்ரஸ்ட், அதாவது தள்ளுவிசை, உள்ள 24 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் 56 ஆம்ப் இழுக்கும். 55 பவுண்ட் 12 வோல்ட் மோட்டார் 50 ஆம்ப், 112 பவுண்ட் 36 வோல்ட் மோட்டார் 52 ஆம்ப். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது செல்களைக் கண்காணித்து ஆபத்தில் துண்டிக்கும் சர்க்யூட், தொடர்ந்து தரக்கூடிய ஆம்ப் இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். புரொப்பெல்லரில் பாசி சுற்றிக்கொண்டால் மோட்டார் இன்னும் கூடுதலாக இழுக்கும். 80 பவுண்ட் மோட்டாருக்கு 100 ஆம்ப் பிஎம்எஸ் உள்ள பேட்டரி வாங்குங்கள். விலை குறைகிறதென்று 50 ஆம்ப்-அவர் பேட்டரி வாங்குபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அவற்றில் பலவற்றின் பிஎம்எஸ் 50 ஆம்ப்தான் தாங்கும். காற்றை எதிர்த்து முழு வேகம் கொடுக்கும் நேரத்தில், அதாவது மிகவும் தேவையான நேரத்தில், மோட்டார் நின்றுவிடும்.

கொள்ளளவைக் கணக்கிடும்போது லெட் ஆசிட் லேபிளில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. 50 ஆம்ப் இழுத்தால் அந்த 100 ஆம்ப்-அவரில் பெரும்பகுதி கைக்கு வராது. தவிர, பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் குறையும். லித்தியத்தில் 100 என்றால் வேகமாக இழுத்தாலும் கிட்டத்தட்ட 100 வரும். ஒரு நாள் முழுக்க சராசரியாக 12 முதல் 15 ஆம்ப் இழுப்பவருக்கு 100 ஆம்ப்-அவர் ஆறேழு மணி நேர மோட்டார் ஓட்டம் தரும். ஜிபிஎஸ் நங்கூரத்தில், அதாவது மோட்டாரே படகை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் வசதியில், காற்றில் நிற்பவர் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் எப்போதும் 20 சதவீதத்தைத் தொடாத இருப்பாக விடுங்கள்.

வாங்கும் முன் பேட்டரியின் தாளில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். சீரிஸில், அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு சேர்த்து வோல்ட்டேஜைக் கூட்டும் முறையில், இணைக்க அனுமதி உண்டா? உறைநிலையில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உண்டா? தண்ணீர் புகாத தரம் ஐபி65 அல்லது ஐபி67 ஆக உள்ளதா? முதலாவதை யாரும் கவனிப்பதில்லை. சீரிஸில் ஒரு பேட்டரியின் பிஎம்எஸ் துண்டித்தால், மொத்த 24 வோல்ட்டும் அந்த ஒரு சர்க்யூட்டின் மேல் விழும். அதைத் தாங்க வடிவமைக்காத பிஎம்எஸ் அந்த நொடியே எரிந்துபோகும்.

இரண்டு 12 வோல்ட்டா, ஒரே 24 வோல்ட்டா

படகில் ஏற்கெனவே லித்தியம் நிலை உள்ள இரட்டை பேங்க் (ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி வெளியீடு) ஆன்போர்டு சார்ஜர் இருந்தால் இரண்டு 12 வோல்ட் வாங்குவது சிக்கனம். சார்ஜரையும் புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒரே 24 வோல்ட் பேட்டரிதான் எங்கள் தேர்வு. இரண்டு பேட்டரிகளுக்கிடையே சார்ஜ் வித்தியாசம் என்ற தொல்லையே இருக்காது, இணைப்புகளும் பாதியாகும். இரண்டு 12 வோல்ட்டுக்கு உள்ள சாதகம், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஆனாலும் புதிய ஒன்றைப் பழைய ஒன்றோடு சீரிஸில் போடுவது நல்லதில்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சமயத்தில் வாங்கியவை என்றால்தான் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒன்று லெட் ஆசிட், ஒன்று லித்தியம் என்று சீரிஸில் கலப்பது எந்த நிலையிலும் கூடாது.

சார்ஜர்

12 வோல்ட் லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை ஏற்றி, ஆம்ப் குறைந்ததும் நிறுத்திவிடும் சார்ஜர் வேண்டும். 24 வோல்ட் என்றால் இதன் இரட்டிப்பு, அதிகபட்சம் 29.2. லெட் ஆசிட் சார்ஜர்கள் பேட்டரியைப் புதுப்பிக்க இடையில் 15 வோல்ட்டுக்கு மேல் உந்தும், அல்லது துடிப்பாக அனுப்பும். லித்தியத்துக்கு இது தேவையே இல்லை. பிஎம்எஸ் துண்டித்துத் துண்டித்துக் காப்பாற்றும், ஆனால் அந்தக் காவலைத் தினமும் சோதிக்கக் கூடாது. பழைய சார்ஜரில் ‘ஏஜிஎம்’ (மூடிய லெட் ஆசிட் வகை) நிலையில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வோல்ட்டேஜ் சில மாடல்களில் பொருந்தலாம். ஆனால் பிஎம்எஸ் துண்டித்துக் கிடக்கும் பேட்டரியில் டெர்மினல் வோல்ட்டேஜ் பூஜ்யமாகத் தெரியும். பழைய சார்ஜர் அங்கே பேட்டரியே இல்லை என்று முடிவு செய்து வேலையைத் தொடங்காது. லித்தியம் சார்ஜரில் இப்படி உறங்கும் பேட்டரியை எழுப்பும் வசதி இருக்கும்.

ஒரு பேங்க்குக்கு 10 ஆம்ப் சார்ஜர், காலியான 100 ஆம்ப்-அவரை நிரப்பப் பத்துப் பதினோரு மணி நேரம் எடுக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏரிக்குப் போகிறவருக்கு 15 அல்லது 20 ஆம்ப் வசதி.

ஒயர், பிரேக்கர், ஃபியூஸ்

அமரத்திலிருந்து அணியம் வரை ஒரு வழிக்கு 5 மீட்டர் என்றால் போய்வர 10 மீட்டர். 6 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) செம்பு ஒயரில் 56 ஆம்ப் ஓடும்போது முக்கால் வோல்ட் அளவுக்கு இழப்பு. 10 கேஜ் ஒயர் என்றால் 1.8 வோல்ட் வரை போகும். அது நூறு வாட் வெப்பமாக ஒயரிலேயே தங்கும், தரைவிரிப்புக்கும் தளத்துக்கும் அடியில். பழைய படகுகளில் கம்பெனி போட்டது 8 அல்லது 10 கேஜ் ஒயராக இருந்தால் இதுவே மாற்றும் நேரம். வெள்ளீயம் பூசிய மரைன் ஒயர் வாங்குங்கள். பூச்சில்லாத செம்பு ஈரத்தில் உள்ளுக்குள் கறுத்து, வெளியே நன்றாகவே தெரியும்.

பிரேக்கர் 60 ஆம்ப், டிசி மின்சாரத்துக்கென்று அச்சிட்டதாக, வோல்ட்டேஜ் அளவு 32-க்கு மேல் உள்ளதாக இருக்கட்டும். வீட்டு ஏசி பிரேக்கர் டிசியில் எழும் தீப்பொறியை அணைக்காது.

பிரேக்கர் மட்டும் போதுமா? போதாது. லித்தியத்தின் உள் மின்தடை மிகக் குறைவு, ஷார்ட் ஆனால் சில ஆயிரம் ஆம்ப் பாய்ந்துவிடும். சிறிய பிரேக்கரின் உள்ளே உள்ள தொடுமுனைகள் அந்த வெள்ளத்தில் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே பிளஸ் டெர்மினலிலேயே திருகி வைக்கும் எம்ஆர்பிஎஃப் ஃபியூஸ் ஒன்று, 75 அல்லது 80 ஆம்ப் அளவில் போடுங்கள். அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் ஈ-11 தர விதி, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பதைப் பொது அளவாக வைத்திருக்கிறது. டெர்மினல் ஃபியூஸ் அதை எளிதாக நிறைவேற்றும். 24 வோல்ட்டில் இந்த ஃபியூஸ் 5,000 ஆம்ப் வரை பாதுகாப்பாகத் துண்டிக்கும். 36 வோல்ட் அமைப்பில் அதன் திறன் 2,000 ஆம்பாகக் குறைகிறது. அங்கே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ்தான் சரி.

அணியத்தில் உள்ள மோட்டார் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஒரு முனை மட்டும் பழுப்பாக, பிளாஸ்டிக் லேசாக உருகியதுபோல் இருந்தால் சாக்கெட்டோடு மாற்றிவிடுங்கள்.

பொருத்தும் வரிசை

1. எதையும் கழற்றும் முன் பழைய இணைப்பைப் பல கோணங்களில் படம் எடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று டேப் ஒட்டி எழுதுங்கள். புதிய பேட்டரியில் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கலாம்.

2. பிரேக்கரை அணையுங்கள், சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், மோட்டார் பிளக்கை உருவுங்கள். பிறகு மைனஸ் முதலில், பிளஸ் அடுத்தது.

3. புதிய பேட்டரிகள் பாதிச் சார்ஜில் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக 14.4 வோல்ட் வரை முழுக்க ஏற்றி, சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். இரண்டும் 13.3, 13.4 என்ற அளவில், 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருந்தால் சீரிஸில் இணைக்கலாம். இந்தப் படியைத் தாண்டியவர்களுக்குத்தான் “பேட்டரி பாதியிலேயே நிற்கிறது” என்ற புகார் வரும். ஒன்று காலியானதும் அதன் பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது.

4. தட்டில் வைத்து, பட்டையால் இறுக்கமாகக் கட்டுங்கள். எடை குறைந்த பேட்டரி அலையில் அதிகம் குதிக்கும். பழைய தட்டு பெரிதாக இருந்தால் இடைவெளியை அடர்ந்த ரப்பரால் நிரப்புங்கள்.

5. முதல் பேட்டரியின் பிளஸை இரண்டாவதன் மைனஸோடு 6 கேஜ் ஜம்பரால் இணையுங்கள். மீதி நிற்கும் மைனஸும் பிளஸும்தான் 24 வோல்ட்.

6. டெர்மினலில் தடிமனான மோட்டார் லக் (ஒயர் முனையின் உலோக வளையம்) நேராக உலோகத்தின்மேல் உட்கார வேண்டும், அதன்மேல் சார்ஜர் ஒயரின் சிறிய லக், அதற்கும் மேல் வாஷர், கடைசியில் நட். வாஷர் லக்குக்கு அடியில் போனால் மின்சாரம் வாஷர் வழியாகப் பாய்ந்து சூடேறும். கையால் திருகும் இறக்கை நட்டுகளை எறிந்துவிட்டு, நைலான் பூட்டு நட் போட்டு, பேட்டரியின் தாளில் சொன்ன டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு இறுக்குங்கள். லித்தியம் பேட்டரி டெர்மினல் உருகிய படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது தளர்ந்த ஒரு நட்தான்.

7. சார்ஜரின் ஒவ்வொரு பேங்க்கும் அதற்குரிய பேட்டரியின் பிளஸ், மைனஸுக்கு மட்டும். இரட்டை பேங்க் சார்ஜரின் இரு வெளியீடுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதை அதன் தாளில் உறுதி செய்யுங்கள். பொது மைனஸ் உள்ள சார்ஜரை சீரிஸ் பேட்டரியில் மாட்டினால் ஒரு பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்.

8. மோட்டார் பிளக்கில் 26 முதல் 27 வோல்ட், பிளஸ்-மைனஸ் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே மோட்டாரைச் செருகுங்கள். தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதைத் திறந்து திரும்பச் செய்யுங்கள்.

மீன் தேடும் கருவிக்கு 12 வோல்ட் வேண்டுமென்று சீரிஸில் உள்ள ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அந்த ஒன்று ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கூடுதலாகக் காலியாகி, சில வாரங்களில் ஜோடி குலையும். கருவிகளுக்குத் தனியாக ஒரு சிறிய லித்தியம் வைத்தால் திரையில் மோட்டாரின் இரைச்சல் கோடுகளும் குறையும்.

எவ்வளவு மிச்சம் என்பதை அறிவது

லெட் ஆசிட் காலியாகும்போது மோட்டாரின் வேகம் குறைந்து எச்சரிக்கும். லித்தியம் கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடி, சட்டென்று நிற்கும். பாறைக்கரையோரம் காற்றில் ஜிபிஎஸ் நங்கூரத்தில் நிற்கும்போது இது நடந்தால் ஆபத்து. வோல்ட் மீட்டர் உதவாது. 80 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையில் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் மாறுவது 0.2 வோல்ட் அளவுதான், மோட்டார் இழுக்கும்போது அந்த வித்தியாசமும் மறைந்துவிடும்.

ஷன்ட் மீட்டர் போடுங்கள். உள்ளே போன ஆம்பையும் வெளியே போன ஆம்பையும் எண்ணிக் கணக்கு வைக்கும் கருவி அது. சீரிஸின் கடைசி மைனஸுக்கும் மோட்டாரின் மைனஸுக்கும் நடுவில் ஷன்ட் உட்கார வேண்டும். அந்தப் பேட்டரிக்குரிய சார்ஜர் மைனஸையும் ஷன்ட்டின் மோட்டார் பக்கத்துக்கு மாற்றுங்கள். பேட்டரி டெர்மினலிலேயே விட்டால் சார்ஜ் ஏறுவதை மீட்டர் பார்க்காது. அமைப்புகளில் கொள்ளளவை 100, பியூக்கர்ட் எண்ணை (வேகமாக இழுத்தால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்பதற்கான எண்) 1.05, சார்ஜ் திறனை 99 சதவீதம் என்று வையுங்கள். முதல் முழுச் சார்ஜ் முடிந்ததும் மீட்டரைக் கைமுறையில் 100 சதவீதம் என்று அமையுங்கள். பேட்டரியில் புளூடூத் இருந்தால் அதுவும் பயன்படும், ஆனால் சிறிய ஆம்ப்களைப் பல பிஎம்எஸ்கள் சரியாக எண்ணுவதில்லை. 30 சதவீதம் காட்டினால் கரைக்குத் திரும்பத் தொடங்குவது நல்ல பழக்கம்.

முழு வேகம்

சுமையிலும் 12.8 வோல்ட் அளவில் நிற்கும் பேட்டரி, லெட் ஆசிட் காலத்தைவிட மோட்டாருக்கு அதிக வோல்ட்டேஜ் தருகிறது. வேகம் கூடும், அதோடு மோட்டாரின் சூடும் கூடும். நீண்ட நேரம் ஓட்டும்போது 85 சதவீத வேகத்தைத் தாண்ட வேண்டாம். பாசிக் காட்டிலும் ஆழமற்ற நீரிலும் இன்னும் குறையுங்கள். பழைய ஐந்து வேக மோட்டாரில் சூடு தணிய இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாதீர்கள்

எஞ்சின் ஸ்டார்ட்டுக்கு லெட் ஆசிட் அல்லது ஏஜிஎம் இருக்கட்டும். ட்ரோலிங்குக்கான லித்தியத்தின் பிஎம்எஸ் ஸ்டார்ட்டரின் சில நூறு ஆம்ப் இழுப்பில் துண்டிக்கும். எஞ்சின் ஓடும்போது பிஎம்எஸ் துண்டித்தால் சார்ஜ் சர்க்யூட்டில் எழும் வோல்ட்டேஜ் பாய்ச்சல் எஞ்சினின் ரெக்டிஃபயரை (ஏசியை டிசியாக்கும் பாகம்) எரிக்கலாம். லித்தியத்தில் ஸ்டார்ட் செய்யலாமா என்பதற்கு எஞ்சின் தயாரிப்பாளரின் கையேடு மட்டுமே பதில்.

ஸ்டார்ட் பேட்டரியையும் மற்றப் பேட்டரியையும் தானாகச் சேர்க்கும் ரிலே படகில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது 13 வோல்ட்டுக்கு மேல் கண்டால் சேர்ந்துகொள்ளும். லித்தியம் ஓய்விலேயே 13.3-இல் நிற்பதால், எஞ்சின் அணைந்த பிறகும் ரிலே பிரியாமல் லித்தியம் பக்கத்திலிருந்து ஸ்டார்ட் பேட்டரிக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டு, வேண்டுமானால் ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

குளிர்

ஒன்டாரியோவின் குவின்டே விரிகுடாவில் நவம்பரில் பெரிய வால்ஐ பிடிக்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைப் பயன்படுத்தலாம், பல பேட்டரிகள் மைனஸ் 20 டிகிரி வரை மோட்டாரை ஓட்டும். சார்ஜ் செய்வதுதான் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம், எதிர்மின்முனையின் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். குளிர் பாதுகாப்புள்ள பிஎம்எஸ் சார்ஜை மறுக்கும், உள் ஹீட்டர் உள்ளது முதலில் செல்களைச் சூடாக்கிப் பிறகு ஏற்றும். இரண்டும் இல்லையென்றால், திரும்பி வந்த உடனே பேட்டரி இன்னும் ஆறாமல் இருக்கும்போது செருகுங்கள், அல்லது வீட்டுக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள்.

மழைக்கால, பனிக்கால ஓய்வுக்கு 50 முதல் 60 சதவீதத்தில் நிறுத்தி, ஒயர்களைக் கழற்றி வையுங்கள். ஜிபிஎஸ் மோட்டார் அணைத்திருந்தாலும் கொஞ்சம் இழுக்கும், அது மாதக்கணக்கில் பேட்டரியைக் காலியாக்கும். மாறாக, மீன்பிடிக் காலத்தில் மாதம் ஒரு முறையாவது நூறு சதவீதம் ஏற்றுங்கள். செல்களைச் சமன்படுத்தும் வேலையை பிஎம்எஸ் சார்ஜின் உச்சியில் மட்டும்தான் செய்கிறது. எப்போதும் 80-இல் நிறுத்துபவரின் செல்கள் மெல்ல மெல்ல விலகும்.

கோளாறு கண்டால்

முழு வேகத்தில் மட்டும் மோட்டார் நின்று, குறைத்தால் ஓடினால் முதலில் புரொப்பெல்லரில் பாசி, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். பிறகு பிரேக்கர் ட்ரிப் ஆனதா, பிஎம்எஸ் துண்டித்ததா என்று பிரித்தறியுங்கள். பிரேக்கர் ட்ரிப் ஆகாமல் இருக்க, பேட்டரி டெர்மினலில் பூஜ்யம் காட்டினால் பிஎம்எஸ். சுமையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் பலவும் தானே திரும்பும்.

சார்ஜர் சீக்கிரமே பச்சை விளக்கு காட்டி, பயணத்தில் பாதி நேரம்தான் ஓடினால் ஒரு செல் மற்றவற்றைவிட முன்னே போய் உச்சியைத் தொடுகிறது. அந்தப் பேட்டரியைத் தனியே, குறைந்த ஆம்பில், பல மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். நான்கைந்து முழுச் சார்ஜுக்குப் பிறகும் மாறாவிட்டால் அது வாரன்டி விஷயம்.

படகு வேகமெடுத்ததும் அணியம் மேலும் கீழும் ஆடத் தொடங்கினால், எடை இடம் மாறியதன் விளைவு. அமரத்தில் எடை குறைந்தால் படகு எளிதாகத் தண்ணீர்மேல் எழும். ஆனால் பேட்டரிகள் அணியத்தில் இருந்த படகுகளில் முன்பக்கம் லேசாகி இந்த ஆட்டம் வரும். எஞ்சினின் ட்ரிம்மை (சாய்வுக் கோணம்) கொஞ்சம் உள்ளே இழுங்கள், போதாவிட்டால் சாமான் பெட்டிகளை முன்னே நகர்த்துங்கள்.

கழற்றிய லெட் ஆசிட் பேட்டரிகளை நிமிர்த்தியே வைத்து, டெர்மினலில் டேப் ஒட்டி, பேட்டரி விற்கும் கடைக்கே கொண்டுபோங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய பேட்டரிக்கு கோர் டெபாசிட் (பழையதைக் கொடுத்தால் திரும்பும் முன்பணம்) திரும்பத் தரும் கடைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று இன்னும் 12.6 வோல்ட்டில் நிற்கிறதென்று படகிலேயே அவசரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம், குறைத்த எடை திரும்ப ஏறிவிடும்.